தெருவில் விழுந்த நீர் யாருடையது? மாரி வெள்ளமும் புலம்பெயர் நாட்டுப் பனியும்



வானத்திலிருந்து விழுந்து தெருவில் தங்கிவிடும் நீரிடமிருந்து தெருவை எப்படி மீட்பது என்பதே இன்றைய சொற்பொழிவின் பொருள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அந்த நீர் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் மாரி வெள்ளமாக நிற்கிறது. குடாநாட்டிலிருந்து புறப்பட்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இன்று வாழும் ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் ஒஸ்லோவிலும் ஸ்ருட்கார்ட்டிலும் அதே நீர் உறைந்து பனியாகக் கிடக்கிறது. வெள்ளம் ஓடும், பனி ஓடாது என்ற ஒரு வேறுபாட்டைத் தள்ளிவைத்துவிட்டால், இரண்டும் ஊர்ச்சபைகளிடம் கேட்கும் கேள்விகள் ஒன்றாகவே இருக்கின்றன. அகற்றுவது சபையின் கடமையா, வீட்டுக்காரரின் கடமையா? எந்தத் தெருவை முதலில் பார்ப்பது, எந்த ஒழுங்கையைக் கடைசியில் பார்ப்பது? அகற்றியதை எங்கே வைப்பது? இம்மூன்றில் கடைசிக் கேள்வியே கடினமானது. அதற்கு விடை வைத்திராத சபை முதலிரண்டு கேள்விகளுக்கு எவ்வளவு திறமையாக விடை சொன்னாலும் வெள்ளம் ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு இடம்மாறுமேயன்றி ஊரை விட்டுப் போகாது என்பதை இவ்வுரை நிறுவ முயல்கிறது.

முதலில் பனியைப் பார்ப்போரின் ஊருக்குச் செல்லலாம். ரொறன்ரோ மாநகரில் பனி கொட்டத் தொடங்கியதும் எந்த வீதிக்கு எப்போது இயந்திரம் போகும் என்பது ஆள் பார்த்து முடிவாவதில்லை, அளவு பார்த்து முடிவாகிறது. பெருவீதிகளில் 5 சென்ரிமீற்றர் பனி சேர்ந்தால் பனி வழிக்கும் வாகனம் புறப்படுகிறது. குடியிருப்புத் தெருக்களில் 8 சென்ரிமீற்றர் சேரும்வரை அது வருவதில்லை. தன் தெருவுக்கு வாகனம் ஏன் இன்னும் வரவில்லை என்று கோபப்படும் குடியிருப்பாளருக்குக் கோபப்பட உரிமை உண்டு. ஆனால் அந்த எண் முன்கூட்டியே ஊருக்குத் தெரிந்த எண். வீட்டின் முன்னால் உள்ள நடைபாதையில் சபை வழிக்காத இடங்களில், பனி நின்று 12 மணித்தியாலத்துக்குள் வீட்டுக்காரரே அதனை அகற்ற வேண்டும் என்பது மாநகரின் துணைவிதி. துணைவிதி என்பது மேல்நிலைச் சட்டம் ஒன்றின் கீழ் உள்ளூர்ச் சபை தன் எல்லைக்குள் இயற்றிக்கொள்ளும் விதி.

அந்த மாநகருக்குள்ளேயும் வழக்கங்கள் வேறுபட்டன. 1998 ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஆறு நகராட்சிகள் ஒன்றாக்கப்பட்டு இன்றைய ரொறன்ரோ உருவானபோது, தமிழர் செறிந்து வாழும் ஸ்காபரோ போன்ற புறப்பகுதிகளில் நடைபாதைப் பனியைச் சபையின் சிறிய இயந்திரங்களே வழித்துவந்தன. பழைய நகரின் நடுப்பகுதியிலோ ஒவ்வொரு வீட்டுக்காரரும் அதனைத் தாமே அள்ளிவந்தனர். சபைகள் இணைந்தன, வழக்கங்கள் இணையவில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்த இந்த வேறுபாட்டை 2021-2022 குளிர்காலத்திலேயே மாநகரம் பெருமளவில் நீக்கி, நடுப்பகுதிக்கும் இயந்திரத்தை அனுப்பத் தொடங்கியது. இடையில் 1999 ஜனவரியில் தொடர் பனிப்பொழிவைச் சமாளிக்க முடியாத நகர முதல்வர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தையே உதவிக்கு அழைக்க, கனடாவின் ஏனைய நகரத்தவர் அதனை இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஆயினும் அவையோர் ஊன்றிப் பார்க்க வேண்டியது இயந்திரம் போன பின் தெருவில் எஞ்சும் ஒரு காட்சியை. வேலைக்குப் போக வேண்டிய ஒருவர் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, தடித்த கையுறையும் காலணியும் அணிந்து, கார் நிற்கும் பாதையிலுள்ள பனியை அகன்ற சவளால் அள்ளி இருபுறமும் குவித்து, முதுகை நிமிர்த்தி, தேநீர் குடிக்க உள்ளே போகிறார். அந்த இடைவெளியில் சபையின் பெரிய வாகனம் தெருவை வழித்துக்கொண்டு போகிறது. நடுத்தெருவின் பனி ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, அவருடைய வாசலுக்குக் குறுக்கே வயல்வரம்பு போல, ஆனால் கல்லைப் போன்ற இறுக்கத்துடன், முழங்கால் உயரத்துக்குக் கிடக்கிறது. தெரு துப்புரவு, வாசல் அடைப்பு. அந்தப் பனியை மீண்டும் தெருவில் வீசினால் அது குற்றம். ஸ்காபரோ போன்ற பகுதிகளில் அந்த வரம்பைத் திறந்துவிட இரண்டாவது இயந்திரம் ஒன்று பின்னால் வருகிறது. அது வராத இடங்களில் வீட்டுக்காரர் மறுபடியும் சவளைத் தூக்குகிறார். இந்தப் பனி வரம்பை நினைவில் வைத்திருக்க வேண்டும். குடாநாட்டுக்குத் திரும்பும்போது அது வேறு உருவில் எதிர்ப்படும்.

அகற்றியதை எங்கே வைப்பது என்ற கேள்வியை மொன்றியல் மாநகரம் அளவுக்கு முகத்துக்கு நேரே சந்தித்த நகரங்கள் சிலவே. அங்கே பனி ஓரமாகத் தள்ளப்படுவதோடு விடப்படுவதில்லை; பாரவூர்திகளில் ஏற்றப்பட்டு நகரின் பல கொட்டிடங்களுக்குக் கொண்டு செல்லப்படுகிறது. சராசரியாக ஒரு குளிர்காலத்தில் இவ்வாறு ஏறத்தாழ 12 மில்லியன் கனமீற்றர் பனி அகற்றப்படுகிறது. ஏற்றுவதற்கு முன் தெருவில் அறிவிப்புப் பலகை நடப்படுகிறது. பின்னர் ஊதல் ஒலி எழுப்பப்படுகிறது. அதன் பின்னும் நிற்கும் கார் இழுத்துச் செல்லப்படுகிறது. முற்காலத்தில் இந்தப் பனி சென்லோரன்ஸ் ஆற்றில் கொட்டப்பட்டது. அதனோடு உப்பும் எண்ணெயும் குப்பையும் சேர்ந்து ஆற்றுக்குள் போயின என்பதால் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. இன்று மற்றெந்தக் கொட்டிடத்தையும்விட அதிகமான பனி போய்ச் சேருமிடம் நகருக்குள்ளேயே இருக்கும் பிரான்கோன் என்ற பழைய சுண்ணக்கல் அகழ்குழி. சுண்ணக்கல் தோண்டிய பள்ளத்தை அந்நகரம் தன் பனிக்குப் பாத்திரமாக்கிக்கொண்டது என்ற செய்தியைக் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்காகத் தோண்டப்பட்ட சுண்ணக்கற் குழிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

ஒஸ்லோவின் துறைமுகத்தில் ஒரு மிதவையில் நிறுவிய ஆலை, கடல்நீரின் வெப்பத்தால் பனியை உருக்கி, அழுக்கை வடித்து, நீரைக் கடலில் விடுகிறது. ஜேர்மனியிலோ பாரம் வீட்டுக்காரர் பக்கம் சாய்கிறது: பெரும்பாலான ஊர்களில் வாரநாட்களில் காலை ஏழு மணிக்குள் வீட்டு முன் நடைபாதை வழிக்கப்பட்டிருக்க வேண்டும். ஸ்ருட்கார்ட் வட்டாரத்து மாடிவீடுகளில் இந்த வேலை வாரத்துக்கு ஒரு குடும்பம் என முறைவைத்துச் சுழல்கிறது. யாருடைய வாரமோ அவருடைய கதவில் ஒரு சிறு பலகை தொங்கும். வாரம் முடிந்ததும் அது அடுத்த கதவுக்கு மாறும். குடாநாட்டில் தோட்டக் கிணற்றுக்கு இறைப்பு முறை வைத்துத் தண்ணீர் பங்கிட்டவர்களுக்கு அந்தப் பலகையின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இனி, சொந்த நிலத்துக்குத் திரும்பலாம்.

யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு மாநகர சபையும் மூன்று நகர சபைகளும் பதின்மூன்று பிரதேச சபைகளுமாக 17 உள்ளூராட்சி மன்றங்கள் உள்ளன. மாநகர சபைகள் 1947 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தாலும் நகர சபைகள் 1939 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தாலும் பிரதேச சபைகள் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தாலும் ஆளப்படுகின்றன. ஆனால் இச்சபைகளின் எல்லைக்குள் ஓடும் வீதிகள் எல்லாம் இச்சபைகளுடையவை என்று எண்ணுவது தவறு. ஏ, பி வகை வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி வகை வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும், எஞ்சிய உள்வீதிகளும் ஒழுங்கைகளும் உள்ளூராட்சி மன்றங்களுக்கும் உரியவை. ஒரு வீட்டு வாசலில் வெள்ளம் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். வெள்ளம் வந்தது ஒழுங்கையால், அது சபையுடையது. வெள்ளம் வடிய வேண்டிய மதவு பெருவீதிக்குக் கீழே. அது அதிகார சபையுடையது. மதவுக்கு அப்பால் வாய்க்கால் விழும் குளமோ, அது வயற்குளமாயின் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துடையது. மூன்று அலுவலகங்கள், மூன்று கோவைகள், மூன்று வெவ்வேறு பதில்கள். ஏ வீதி எது, டி வீதி எது என்று வெள்ளத்துக்குத் தெரியுமா?

வீட்டுக்காரரின் கடமை என்ன என்ற கேள்விக்கும் இத்தீவில் ஒரு கசப்பான வரலாறு உண்டு. 1848 இல் ஆங்கிலேய ஆட்சி இயற்றிய வீதிக் கட்டளைச் சட்டம், 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் ஆண்டுதோறும் ஆறு நாட்கள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது மூன்று சிலிங் கட்ட வேண்டும் என்றது. இராசகாரியம் எனப்பட்ட கட்டாய ஊழியம் 1832 இல் ஒழிக்கப்பட்டுப் பதினாறே ஆண்டுகளில் அது வேறு பெயரில் திரும்பி வந்ததாக மக்கள் எண்ணினர். அவ்வாண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு அச்சட்டமும் ஒரு காரணமாயிற்று. கட்டாயம் போய், இன்று அதன் இடத்தில் சிரமதானம் நிற்கிறது. சனசமூக நிலையத்தாரும் விளையாட்டுக் கழக இளைஞரும் ஒரு ஞாயிறு காலை மண்வெட்டி, அலவாங்கு, கடகம் சகிதம் கூடி வாய்க்காலைத் துப்புரவாக்குவது போற்றத்தக்கது. ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: சிரமதானத்தால் வாய்க்காலை வாரலாம், வாய்க்காலின் மட்டத்தைத் திருத்த முடியாது. மட்டம் பார்ப்பது அளவையாளரின் வேலை, பொறியியலாளரின் வேலை, சபையின் வேலை. அந்த வேலை செய்யப்படாத ஊரில் நடக்கும் சிரமதானம் சில சமயம் மண்வெட்டிகளைவிடக் கமெராக்கள் மிகுந்ததாகவும் அமைந்துவிடுகிறது.

இப்போது மூன்றாவது கேள்வி. அகற்றியதை எங்கே வைப்பது?

குடாநாட்டின் முன்னோர் இக்கேள்விக்கு விடையை நிலத்திலேயே எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். இந்நிலம் சுண்ணக்கல் மேடை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கே இல்லை. ஆறு என்று சொல்லத்தக்கது வழுக்கையாறு ஒன்றே. அதுவும் மாரியில் மட்டும் ஓடி அராலியில் யாழ்ப்பாணக் கடனீரேரியைச் சேர்வது. ஆற்றுக்குப் பதிலாக இங்கே வெட்டப்பட்டவை குளங்கள். அவற்றின் தொகை ஆயிரத்துக்கும் மேல். ஒழுங்கையில் விழுந்த நீர் வெள்ளவாய்க்காலுக்கு, வாய்க்காலிலிருந்து குளத்துக்கு, குளம் நிரம்பினால் அடுத்த தாழ்வான குளத்துக்கு அல்லது வயலுக்கு, அதுவும் நிரம்பினால் கடனீரேரிக்கு என்று நீர் படிப்படியாக இறங்கிப் போனது. போகும் வழியெல்லாம் அது நிலத்துக்குள் ஊறியது; சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குழிகளிலும் தங்கி, கடல்நீரின் மேல் மிதக்கும் நன்னீர்ப் படையாகி, வைகாசி, ஆனி வெயிலில் கிணற்றில் எட்டிப் பார்ப்பவருக்குத் தண்ணீராகத் தெரிந்தது.

பனிநாட்டுக்கும் குடாநாட்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேயே இருக்கிறது. மொன்றியலின் அகழ்குழியில் கொட்டப்படும் பனி கழிவு. குடாநாட்டின் குளத்தில் சேரும் வெள்ளம் அடுத்த கோடையின் குடிநீர். ஆகவே வெள்ளத்தை மிக விரைவாகக் கடலுக்குள் ஓட்டிவிடும் வாய்க்காலைக் கட்டிவிட்டுத் தெரு காய்ந்துவிட்டது என்று மகிழும் திட்டமும் அரைத் திட்டமே. கடனீரேரிகளை நன்னீராக்கக் கனவு கண்ட பொறியியலாளர் ஆறுமுகத்தின் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டத்துக்கும் தொண்டைமானாற்றுத் தடுப்பணைக்கும் அடிப்படையாக இருந்த எண்ணம் இதுவே: வந்த நீரை உடனே கடலிடம் கொடுக்காதே. இடையில் உப்பைப் பற்றி ஒரு சொல். பனி உருகுவதற்காக ரொறன்ரோவின் தெருக்களில் உப்புத் தூவப்படுகிறது. உப்பு நீரின் உறைநிலையைத் தாழ்த்துவதால் பனிக்கட்டி இளகுகிறது, கடுங்குளிரில் அதுவும் பயன்படாமல் மணல் தூவப்படுகிறது. ஆனையிறவில் உப்பு விளைவித்த நிலத்தின் பிள்ளைகள் உப்பைத் தெருவில் கொட்டும் நாட்டில் வாழ்வதும், கிணற்றில் உப்பு ஏறிவிடுமோ என்ற அச்சம் இங்கேயும் நிலத்தடி நீரில் உப்புக் கலக்கிறதே என்ற கவலை அங்கேயும் இருப்பதும் காலத்தின் விளையாட்டு.

முன்னோர் எழுதிய விடை எப்படி அழிந்தது? ஒரே நாளில் அழியவில்லை. பள்ளம் என்றும் வயல் என்றும் குளம் என்றும் உறுதியில் பெயர் கொண்ட காணிகள் மண் நிரப்பி உயர்த்தப்பட்டு வீட்டுக் காணிகளாயின. வாய்க்காலுக்கு மேல் கொங்கிறீற் தட்டுப் போட்டுக் கடைப்படி ஆக்கப்பட்டது. மொன்றியலில் வழிமறிக்கும் காரை இழுத்துச் செல்லலாம். வாய்க்கால் மேல் கட்டிய படியை எந்த வாகனம் இழுக்கும்? 2009 க்குப் பின் வீதிகள் காபெற் வீதிகளாகப் புனரமைக்கப்பட்டன; பயணம் இலகுவாயிற்று, அதனை எவரும் மறுக்க முடியாது. ஆனால் பல இடங்களில் பழைய வீதியின் மேலேயே புதிய படை விழுந்ததால் வீதியின் மட்டம் உயர்ந்து, முன்னர் வீதிக்கு மேலாக இருந்த முற்றம் வீதிக்குக் கீழாயிற்று. வீதி காய்ந்து கிடக்க வீட்டுக்குள் வெள்ளம் நிற்கிறது. ஸ்காபரோ வாசலில் குறுக்கே கிடந்த பனி வரம்பு இதுதான். அங்கே அது வசந்தத்தில் உருகிவிடும், இங்கே அது தார் பூசி நிலைத்துவிட்டது.

இன்னொன்று, வேலி. கிளுவையும் பூவரசும் கதியாலாக நட்டு, கிடுகோ பனையோலையோ வைத்துக் கட்டிய வேலி மனிதரின் பார்வையைத் தடுத்ததேயன்றி வெள்ளத்தைத் தடுக்கவில்லை. வேலியின் அடியால் ஒரு வளவின் நீர் அடுத்த வளவுக்கும் அங்கிருந்து ஒழுங்கைக்கும் போயிற்று. இன்று அந்த இடத்தில் அத்திவாரத்துடன் எழுந்த சீமெந்து மதில் நிற்கிறது. புலம்பெயர்ந்த பிள்ளைகளின் உழைப்பு அம்மதில்களில் கல்லாகியிருக்கிறது. கள்வரிடமிருந்தும் கட்டாக்காலி மாடுகளிடமிருந்தும் அவை காக்கின்றன. ஆனால் அடியில் வழி விடாத ஒவ்வொரு மதிலும் ஒரு சிறு அணைக்கட்டு. ஒழுங்கையின் இருபுறமும் அத்தகைய மதில்கள் எழுந்துவிட்டால் ஒழுங்கையே வாய்க்காலாகிவிடுகிறது.

கார்த்திகை மழையில் அடைபட்ட ஒரு மதவின் வாயைக் குனிந்து பார்த்தால் ஓர் ஊரின் ஆண்டுக் கணக்கை வாசிக்கலாம். மேலே மிதப்பவை சோடாப் போத்தல்களும் சொப்பிங் பைகளும். அவற்றின் கீழே கோவில் திருவிழாவுக்குக் கட்டிய வாழைத்தடலும் தென்னோலைத் தோரணமும். அதன் கீழே வீடு கட்டி மிஞ்சிய மணலும் ஓட்டுத் துண்டும். அடியில், மழை தொடங்குவதற்கு முன்னரே வாரியிருக்க வேண்டிய பழைய சேறு. இவற்றில் சேறு சபையின் பங்கு. மற்றவை யாருடைய பங்கு என்பதை அவையோர் அறிவர்.

பெருமழை இவற்றையெல்லாம் சோதித்துப் பார்த்திருக்கிறது. 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரே நாளில் 380 மில்லிமீற்றருக்கும் மேலாக மழை பெய்து குடாநாடு மூழ்கியது. 2020 டிசம்பரில் புரெவி புயல். 2024 நவம்பர் இறுதியில் மீண்டும் ஒரு தாழமுக்கம். கடைசியாகக் கூறியதில் ஒரு நுட்பம் கவனத்துக்குரியது. 2018 இல் தெரிவான உள்ளூராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, புதிய மன்றங்களுக்கான தேர்தல் 2025 மே மாதத்திலேயே நடந்தது. எனவே அந்த வெள்ளத்தின்போது வட்டார உறுப்பினர் என்று எவரும் இல்லை. அலுவலர்கள் தம்மாலானதைச் செய்தனர். ஆனால் எந்த ஒழுங்கையில் எந்த மதிலின் அடியில் நீர் மறிக்கப்படுகிறது என்பது கோவையில் இருக்கும் அறிவு அன்று. அவ்வொழுங்கையால் நாளாந்தம் சைக்கிளில் போய்வரும் ஒருவரிடம் இருக்கும் அறிவு. உறுப்பினர்கள் இல்லாத இரண்டு மாரிகளில் அந்த அறிவைக் கொண்டுசேர்க்கும் வாயில் அடைபட்டிருந்தது.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. யாழ்ப்பாண நகரின் நடுவே பாழடைந்து கிடந்த ஆரியகுளம் 2021 இல் மாநகர சபையின் முயற்சியில், தனியார் அறக்கொடையுடன் புனரமைக்கப்பட்டது. மாலைவேளைகளில் மக்கள் அதன் கரையில் நடப்பது நல்ல காட்சி. எனினும் குளத்தைப் புனரமைக்க விரும்பும் ஏனைய சபைகள் கரையையும் விளக்கையும் பற்றி யோசிப்பதற்கு முன், குளத்துக்குள் நீர் வரும் வாய்க்காலின் ஒவ்வோர் அடியையும் திறந்துவிட வேண்டும்; வரத்து வாய்க்கால் இல்லாத குளம் வெறும் தொட்டி.

இப்போது 17 மன்றங்களிலும் மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர்கள் மீண்டும் இருக்கிறார்கள். ஆகவே இவ்வரங்கிலிருந்து ஒரே ஒரு வேண்டுகோள். புரட்டாதி முடிவதற்குள் ஒவ்வொரு வட்டாரத்திலும் உறுப்பினரும் கிராம அலுவலரும் சபையின் தொழினுட்ப அலுவலரும் ஒழுங்கையின் வீட்டுக்காரர்களும் ஒன்றுகூடி, மழைநீர் போகும் வழியால், விழும் இடத்திலிருந்து சேரும் குளம்வரை, ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். மறிக்கும் படியையும் தூர்ந்த மதவையும் சபை குறித்துக்கொள்ளட்டும். பெருவீதிக்குக் கீழுள்ள மதவுக்காக அதிகார சபைக்கு எழுதட்டும். எழுதியதன் பிரதியைச் சனசமூக நிலையத்தின் சுவரில் ஒட்டட்டும். வீட்டுக்காரர் செய்ய வேண்டியது அதனினும் சிறிது. மதிலின் அடியில் நீர் போக ஒரு துவாரம் வைக்க மேசன் ஒருவருக்கு அரைநாட் கூலி போதும்.